காவிரி டெல்டாவைப் படம் எடுக்க ஹெலிகாப்டர் தேவையா?

கும்பகோணத்தில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார். ட்ரோன் வைத்திருக்கிறார், இரண்டு வருடமாக வயல், ஆறு, கோயில் குளம் எல்லாம் எடுத்துவிட்டார், இப்போது நண்பர்கள் நாலு பேர் பணம் போட்டு ஒரு மணி நேரத்துக்கு ஹெலிகாப்டர் எடுத்து டெல்டா முழுவதையும் படம் பிடிக்க நினைக்கிறார்கள். எந்த லென்ஸ், எவ்வளவு ஷட்டர், எந்த மாதம் என்பது கேள்வி. லென்ஸுக்கும் ஷட்டருக்கும் பதில் சொல்வது சுலபம், பின்னால் சொல்கிறேன். ஆனால் அவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: ட்ரோனில் கிடைக்காத ஏதாவது மேலே இருக்கிறதா, அதற்கு இவ்வளவு பணம் போடலாமா? பதினாலு வருடமாக வான்வழிப் படம் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். பெரும்பாலும் அணை, சாலை, காற்றாலை என்று கணக்குக்காக எடுக்கும் படங்கள். டெல்டாவுக்கு மேல் ஹெலிகாப்டரில் பறந்தது மொத்தம் மூன்றே தடவை. அதனால் பறப்பதைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். டெல்டாவின் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்வதை அந்த மூன்று பறப்பின் அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பது ஒரே ஒரு விஷயம்தான்: உயரம். நம் நாட்டில் ட்ரோனைத் தனி அனுமதி இல்லாமல் பச்சை மண்டலத்தில் (அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சை நிறத்தில் காட்டும் பகுதியில்) 120 மீட்டர், அதாவது 400 அடி வரைதான் ஏற்றலாம். அந்த உயரத்தில் 24 மிமீ லென்ஸை நேராகக் கீழே காட்டினால், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் படத்தின் அகலம் தரையில் 180 மீட்டர். ஒரு மதகு, அதை ஒட்டிய ஏழெட்டு வயல், அவ்வளவுதான். ஹெலிகாப்டரில் 1500 அடியில் அதே லென்ஸ் கிட்டத்தட்ட 690 மீட்டரை அடக்கும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒரு ஆறு எங்கே பிரிந்து எங்கே போகிறது என்பது வரை ஒரே படத்தில் வந்துவிடும். இந்த வித்தியாசம் மலைநாட்டில் பெரிதில்லை, அங்கே குன்றின் மேல் ஏறி நின்றே பள்ளத்தாக்கைப் பார்த்துவிடலாம். டெல்டாவில் ஏறி நிற்க மேடே கிடையாது. கோபுரத்தை விட்டால் தென்னைதான் உயரம். ஆற்றங்கரையில் நின்றால் அடுத்த வளைவு வரை தெரியும், அதற்கு மேல் மூங்கிலும் நாணலும் மறைத்துவிடும்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரன். வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும் இடத்தை மூணாறு தலைப்பு என்போம். சின்ன வயதில் இருந்து எத்தனை முறை அந்த மதகு ஷட்டர் மேல் நின்றிருப்பேன் என்று கணக்கே இல்லை, ஆனாலும் அது எனக்கு மூன்று தண்ணீர்ச் சத்தம், மூன்று பெயர் என்ற அளவில்தான் இருந்தது. முதல் தடவை 2000 அடியில் இருந்து பார்த்தபோது பாமணியும் கோரையாறும் முத்துப்பேட்டைப் பக்கம் தெற்கே இறங்குவதும், வெண்ணாறு கிழக்கே திரும்புவதும், நடுவில் எங்கள் ஊர் எந்த ஆற்றின் வயிற்றில் இருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் விளங்கியது. வீட்டுக்குப் பின்னால் ஓடுவதைப் பாசன வாய்க்கால் என்றே நினைத்திருந்தேன், அது வடிகால். அப்பா ஏன் ஐப்பசி மழைக்கு அப்படிப் பயந்தார் என்பது அந்தக் கணத்தில்தான் புரிந்தது. படம் எடுக்க மறந்து இரண்டு சுற்று வெறுமனே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதனால் பறப்பதற்கு முன் டெல்டாவைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், லென்ஸைவிட அது முக்கியம். டெல்டாவில் ஆறு பள்ளத்தில் ஓடுவதில்லை. தானே கொண்டுவந்து கொட்டிய வண்டலால் உயர்ந்த முதுகின் மேல்தான் ஓடுகிறது. ஊர், தென்னந்தோப்பு, மூங்கில் படுகை எல்லாம் அந்த முதுகை ஒட்டியே இருக்கும். அங்கிருந்து இரண்டு பக்கமும் வாய்க்கால் இறங்கி வயலுக்குப் போகும், இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கும் தாழ்ந்த இடத்தில் வடிகால் ஓடும். மேலே இருந்து பார்த்தால் கரும்பச்சைக் கோடு, இளம்பச்சைப் பரப்பு, நடுவில் நெளிந்து போகும் ஒரு மங்கலான கோடு, மறுபடி இளம்பச்சை, மறுபடி கரும்பச்சை. இந்த ஒழுங்கு தெரிந்துவிட்டால் எங்கே காட்ட வேண்டும் என்று கை தேடாது. கோயிலூர்களும் இப்படித்தான். திருவாரூரில் ‘கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி’ என்று சொல்வார்கள் அல்லவா, வேலி என்பது 6.67 ஏக்கர், ஆக ஒவ்வொன்றும் 33 ஏக்கர். கமலாலயக் குளக்கரையில் நின்று அந்தச் சமத்தைப் பார்க்க முடியாது, நேர் மேலே இருந்தால் கோயிலும் குளமும் இரண்டு கட்டம்போல அடுத்தடுத்து இருக்கும். ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரமும், அதைக் கொள்ளிடமும் காவிரியும் இரண்டு பக்கம் அணைத்திருப்பதும் அதே வகைதான்.

எந்த மாதம் என்ற கேள்விக்கு நாலைந்து பேர் மார்கழி, தை என்று பதில் போட்டிருந்தார்கள். தவறில்லை, ஆனால் பனி கவிந்த பச்சைக் கம்பளம்தான் வேண்டும் என்றால் மட்டும் அது சரி. அறுவடைக்கு முன் சம்பா நெல் எங்கும் ஒரே உயரம், ஒரே நிறம். அழகு உண்டு, ஆனால் தண்ணீர் பயிருக்குள் ஒளிந்துவிடும். என் தேர்வு புரட்டாசி நடுவில் இருந்து ஐப்பசி மழை பிடிப்பதற்குள், அதாவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்த வருடமாக இருந்தால் அப்போது குறுவை நெல் அறுவடை நடக்கும், அறுத்த வயலில் தாளடிக்கு, அதாவது இரண்டாம் போகத்துக்கு, சேறடிப்பார்கள், பக்கத்தில் சம்பா நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரே படத்துக்குள் பொன் நிறம், கண்ணாடிபோல நிற்கும் தண்ணீர், நாற்றங்காலின் கிளிப்பச்சை, உழுத சேற்றின் கருப்பு எல்லாம் துண்டு துண்டாகக் கிடைக்கும். வருடத்தில் வேறு எந்தச் சமயத்திலும் டெல்டா இவ்வளவு நிறத்தைக் காட்டி நான் பார்க்கவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் இருபதை ஒட்டித் தொடங்கும், அதற்குப் பிறகு மேகம் எப்போது விலகும் என்று காத்திருந்தே வாடகை போய்விடும்.

தண்ணீர் தாமதமாக வந்த வருடத்தில் இந்தக் கணக்கு எல்லாம் மாறும், குறுவையே இல்லாமல் ஒருபோகச் சம்பா மட்டும் இருக்கும். அதனால் தேதியை ஊரில் யாரையாவது கேட்டு முடிவு செய்யாமல், சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். இலவசம், ஐந்து நாளுக்கு ஒரு முறை வரும், படத்தின் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். தண்ணீர் கட்டிய வயல் அதில் கருப்பாகத் தெரியும், நடவு எந்த ஆற்றுப் பக்கம் முந்தி நடக்கிறது என்று வாரா வாரம் பார்த்துக்கொண்டே வரலாம். நான் இரண்டாவது பறப்புக்கு இப்படித்தான் நாள் குறித்தேன்.

இன்னொரு ஆசை எல்லோருக்கும் வரும்: கல்லணை திறந்ததும் காய்ந்த மணலில் முதல் தண்ணீர் ஊர்ந்து வருவதை எடுப்பது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும், கடைமடைக்குப் போக அதற்கு மேலும் பல நாள். இதற்கு ஹெலிகாப்டர் வேண்டாம். அது காத்திருந்து எடுக்க வேண்டிய படம், நிமிடத்துக்குக் காசு ஓடும் இயந்திரத்தில் காத்திருக்க முடியாது. கரையில் உட்கார்ந்து ட்ரோனில் எடுங்கள்.

நேரம் காலை ஆறரையில் இருந்து எட்டு. வெயில் சாய்வாக விழும்போதுதான் வரப்புக்கு நிழல் கிடைக்கும், நிழல் இல்லாத வரப்பு படத்தில் வெறும் கோடு. மாலை நேரமும் சாய்வான வெயில்தான், ஆனால் நான் பார்த்த மூன்று பறப்பில் மாலையில் தூசியும் வைக்கோல் எரித்த புகையும் கலந்து தூரம் மங்கிவிட்டது. இது எல்லா நாளுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் மழை பெய்து மறுநாள் காலை வெளுத்திருந்தால் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் கிளம்பலாம். சூரியனுக்கு எதிரே பார்த்து எடுக்கவும் தயங்காதீர்கள். தண்ணீர் கட்டிய வயல்கள் ஒவ்வொன்றாக மின்னி அணைந்துகொண்டே வரும், அது ஒரு வயலுக்கு அரை விநாடிகூட நிற்காது, தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, கேமரா. ஹெலிகாப்டர் வேகமாகப் போவதால் படம் கலங்கும் என்று நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு சுமார் 31 மீட்டர், 1/1000 விநாடியில் 3 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவில், 50 மிமீ லென்ஸில், 450 மீட்டர் தூரத்துக்கு ஒரு பிக்சல் தரையில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். ஆக வேகம் கெடுப்பதில்லை, அதிர்வுதான் கெடுக்கிறது. எனக்கு முதல் பறப்பில் பாதிப் படம் போனதற்குக் காரணம் முழங்கையைக் கதவுச் சட்டத்தில் ஊன்றியது. தரையில் நல்ல பழக்கம், அங்கே இயந்திரத்தின் நடுக்கம் முழுதும் கை வழியாக லென்ஸுக்குப் போய்விடும். உடம்பின் மேல்பாதி எதையும் தொடாமல், கேமராவை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். 1/1000-க்குக் கீழே போகாதீர்கள், 70–200 மிமீ லென்ஸ் போட்டால் 1/1600. லென்ஸின் துளை எஃப்/4 முதல் 5.6 போதும், கீழே எல்லாமே தூரம்தான், ஆழத்துக்காகத் துளையைச் சுருக்க வேண்டியது இல்லை. மீதி வெளிச்சத்தை ஐஎஸ்ஓவை (கேமராவின் உணர்திறனை) ஏற்றிச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதனால் குருணைபோலப் புள்ளி விழுந்த படத்தைச் சரி செய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸ் 24–70 ஒன்று, முடிந்தால் இரண்டாவது கேமராவில் 70–200. மேலே லென்ஸ் மாற்றவே கூடாது. லென்ஸ் முகப்பில் மாட்டும் ஹுட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போகும்.

போலரைஸர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி, போடலாமா என்பதில் என்னோடு வேலை செய்பவர்களே ஒத்துப்போவதில்லை. பச்சையின் மேல் இருக்கும் வெண்மினுக்கை அது எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தைத் தின்னும், ஹெலிகாப்டர் வட்டமடிக்கும்போது கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் திருகிக்கொண்டே இருக்க வேண்டும், அதோடு நாம் தேடி வந்த தண்ணீரின் பளபளப்பையும் சேர்த்து அழித்துவிடும். டெல்டாவுக்கு நான் போடுவதில்லை.

ஓட்டுபவரோடு தரையிலேயே உட்கார்ந்து பேசுங்கள். புதிதாக வருபவர்கள் ‘இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று கேட்பார்கள். சில நூறு அடியில் வேகம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும்போது இயந்திரம் நின்றால், சுழலியைக் காற்றிலேயே சுற்றவிட்டுப் பத்திரமாக இறங்கப் போதுமான உயரமோ வேகமோ இருக்காது. நல்ல பைலட் மறுப்பார், மறுத்தால் மதியுங்கள். அதற்குப் பதிலாக எதிர்க்காற்றில் மெதுவாக முன்னே நகர்ந்தபடி பெரிய வட்டம் அடிக்கச் சொல்லுங்கள். ஆர்44 போன்ற சிறிய ஹெலிகாப்டரில் பைலட் வலது பக்கம் இருப்பார். நீங்கள் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் நீங்கள் பார்ப்பதையே அவரும் பார்ப்பார், கையைக் காட்டி விளக்க வேண்டாம். நாலு பேர் என்கிறீர்கள். ஆர்44-இல் பைலட்டைத் தவிர மூன்று இருக்கைதான், அதிலும் வட்டமடிக்கும்போது ஒரு பக்கத்துக்குத் தரை தெரிந்தால் மறுபக்கத்துக்கு வானம்தான். எடுப்பவர் இரண்டு பேர் மட்டும் போவது நல்லது.

கதவைக் கழற்றிவிட்டுத்தான் பறக்க வேண்டும், கண்ணாடி வழியாக எடுத்தால் பிரதிபலிப்பு விழும். அப்படிப் பறக்கும்போது இருக்கை பெல்ட்டோடு கூடுதலாக உடம்பில் கச்சை (ஹார்னஸ்) கட்டுவார்கள். இந்தக் கச்சையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2018 மார்ச் 11 அன்று நியூயார்க்கில் கதவு திறந்த படப் பறப்பு ஒன்று ஈஸ்ட் ரிவரில் இறங்கிக் கவிழ்ந்தது. முன்னால் இருந்த பயணியின் கச்சைக் கயிறு தரையில் இருந்த எரிபொருள் அடைப்பு நெம்புகோலில் மாட்டி இயந்திரம் நின்றதாக விசாரணை சொன்னது. பைலட் தப்பினார், கச்சையில் இருந்து விடுபட முடியாமல் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். உங்கள் கச்சையை நீங்களே, ஒரே கையால், கண்ணை மூடிக்கொண்டு, கத்தி இல்லாமல் அவிழ்க்க முடிய வேண்டும். கிளம்பும் முன் மூன்று முறை அவிழ்த்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அன்றைக்குப் பறக்காதீர்கள், கொடுத்த பணம் போனாலும் போகட்டும். சட்டைப் பையில் பேனா, தொப்பி, லென்ஸ் மூடி எதுவும் இருக்கக் கூடாது, வெளியே பறந்து வால் சுழலியில் பட்டால் எல்லோருக்கும் ஆபத்து.

அனுமதி விஷயத்தை ஹெலிகாப்டர் தருபவரிடம் விட்டுவிடாமல் நீங்களும் கேளுங்கள். பறக்கும் விமானத்தில் இருந்து படம் எடுக்க டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும் என்பது 1937 விமான விதிகளில் இருந்தே உண்டு. 2025 ஜனவரி முதல் புதிய வானூர்திச் சட்டம் நடப்பில் இருக்கிறது, அதனால் விண்ணப்ப முறையை அந்த நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் துறையின் இசைவும் தேவைப்படும், நாளாகும், ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, அது திருச்சிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே நேர்கோட்டிலேயே வருகிறது. நினைத்த வழியில் போக விடமாட்டார்கள், காவிரியை ஒட்டி வடக்கே சுற்ற வேண்டி வரலாம்.

இப்போது பணம். தொகை சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கணக்கு எப்படி ஏறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹெலிகாப்டர் சென்னையில் இருந்து வருகிறது என்றால் திருச்சி வரை சுமார் 300 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், திரும்பிப் போக இன்னொரு ஒன்றரை. இரண்டும் உங்கள் கணக்கில்தான் சேரும். உங்கள் ஒரு மணி நேரம் நாலு மணி நேரமாகிவிடும். ஆர்44-க்கு வேண்டிய ஏவ்காஸ் என்ற விமானப் பெட்ரோல் எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது, அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், அந்த ஒரு மணி நேரத்தில் திருச்சியில் இருந்து நீடாமங்கலம் போய் வரவே ஐம்பது நிமிடம் கரைந்துவிடும். டெல்டா முழுவதும் என்ற ஆசையை விடுங்கள். ஒன்று முக்கொம்பு, ஸ்ரீரங்கம், கல்லணை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொள்ளிடமும் காவிரியும் பிரிந்து ஒரு தீவைச் சுற்றி மறுபடி நெருங்கி வருவது அந்தச் சின்னத் தூரத்துக்குள் முழுதாக இருக்கிறது. இல்லை, இரண்டரை மணி நேரத்துக்குப் பணம் சேர்த்துக் கடல் வரை போங்கள்.

கடல் வரை போனால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் வேதாரண்யம் உப்பளமும் ஆளை மயக்கும். கோடியக்கரைப் பக்கம் மட்டும் மார்கழி, தை மாதங்களில் போகாதீர்கள். பூநாரைக் கூட்டம் சத்தத்துக்கு எழும்பும். மேலே இருந்து அது நல்ல படம், ஆயிரம் மைல் பறந்து வந்து இரை எடுக்கும் பறவைக்கு அது வீணாகப் போன தெம்பு. ஒரு முறை தூரத்தில் இருந்தே ஒரு கூட்டம் எழுந்ததைப் பார்த்துவிட்டுப் பைலட்டைத் திரும்பச் சொன்னேன். அந்தப் படத்தை எடுக்கவில்லை என்று இதுவரை வருந்தியதில்லை.

நேராகச் சொல்வதானால், இந்த வருடமே பணத்தைப் போட வேண்டாம் என்பேன். உங்கள் ட்ரோனில் இரண்டு வருடம் எடுத்ததெல்லாம் ஒரு வயல், ஒரு மதகு, ஒரு குளம் என்றுதான் இருக்கும். இந்தப் பருவத்தில் தஞ்சைத் தளத்தில் இருந்தும் திருச்சி விமான நிலையத்தில் இருந்தும் தள்ளி, அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை என்று காட்டும், ஆறு பிரியும் ஒரு தலைப்பாகத் தேர்ந்தெடுத்து, 120 மீட்டரில் பத்துப் பன்னிரண்டு படமாகச் சுற்றி எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஆறு பிரிவது அதில் ஓரளவு தெரிந்துவிடும். தெரிந்ததற்கு மேல் என்ன வேண்டும் என்று உங்களுக்கே ஒரு பட்டியல் வரும், அந்தப் பட்டியலோடு ஏறினால் ஒரு மணி நேரம்கூட நிறைய நேரம். அடுத்த ஜூனில் மேட்டூர் திறக்கும் தேதி தெரிந்ததும் எழுதுங்கள், நடவுக் கணக்கையும் செயற்கைக்கோள் படத்தையும் வைத்துச் சேர்ந்தே நாள் குறிக்கலாம்.